புதுக்குடித்தனமும் குடும்ப ஜெபமும்



இளந்தம்பதியரின் அன்றாட வாழ்வையும் அவர்தம் கிறிஸ்தவ நம்பிக்கையையும் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டனர். கேட்பவர் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி மாணவர் என்றும் கூறினர். மணவாழ்வைப் பற்றி மாணவரிடம் பேசுவதா என்று முதலில் தயங்கினேன். பிறகு என் தொழிலையே எண்ணிப் பார்த்தேன். கூட்டு வட்டி கணக்கிட நாங்கள் கற்றுக் கொடுக்கிறோம். ஒரு வட்டிக் கடனை மனைவியிடம் சொல்வதா மறைப்பதா என்பதை எந்த வகுப்பிலும் கற்றுக் கொடுப்பதில்லை. உங்களுள் பலர் இன்னும் பத்தாண்டுக்குள் ஒரு வாடகை வீட்டுச் சாவியைக் கையில் வாங்கப் போகிறவர்கள். ஆகையால் பேசத் துணிந்தேன். நான் கிறிஸ்தவன், என் சமயச் சொற்களிலேதான் எனக்குப் பேச வரும். வேறு சமயத்தினர் தத்தம் வீட்டுக்கு ஏற்பப் பெயர்த்துக் கொள்ளலாம்.

நானும் என் மனைவியும் 1986ஆம் ஆண்டு மணம் செய்துகொண்டு, நெல்லைச் சீமையிலிருந்து கிழக்குத் தாம்பரத்துக்குக் குடிவந்தோம். தாம்பரம் அக்காலத்திலேயே வந்தேறிகளின் ஊர். 1837இல் சென்னை நகரத்துக்குள் பிறந்த கிறிஸ்தவக் கல்லூரி, நூறாண்டு கழித்து 1937இல் இங்குள்ள காட்டுப் புறத்துக்குக் குடிபெயர்ந்தது. வேதியியல் பேராசிரியராய் இருந்த எட்வர்டு பார்ன்ஸ் என்னும் ஆங்கிலேயரும் அவர் மனைவியார் ஆலிசும் அந்தப் புதர்க்காட்டில் மரம் வைத்து வளர்த்தனர் என்று அக்கல்லூரியில் பயின்றோர் இன்றும் நன்றியோடு கூறுவர். அதற்கு முன்பே, 1928இல், டாக்டர் சௌரிமுத்து என்பார் காசநோயாளருக்காக இங்கே ஓர் ஆரோக்கிய நிலையம் கண்டார். அதுவே சானட்டோரியம் என்று ஒரு ரயில் நிலையத்துக்கும் ஒரு வட்டாரத்துக்கும் பெயராயிற்று. 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடியது. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் தோல் தொழில். இப்படி நோய்க்காக வந்தவர், படிப்புக்காக வந்தவர், தொழிலுக்காக வந்தவர் எல்லாரும் சேர்ந்ததே இந்தத் தென்புறநகர். 2021இல் மாநகராட்சியாக உயர்ந்த தாம்பரத்தில் இன்று சொந்த ஊர் எதுவென்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் வேறோர் ஊரைச் சொல்வார்கள் என்பது என் எண்ணம். நான் எண்ணிப் பார்த்ததில்லை.

எங்கள் குடித்தனம் ஒரு வீட்டின் மூன்று பகுதிகளுள் ஒன்று. பொதுக் கிணறு ஒன்று, வாளிக்கு வரிசை. நான் பட்டதாரி ஆசிரியன். என் மனைவி நகருக்குள் ஓர் ஆஸ்பத்திரியில் செவிலி. காலைப் பணி, மாலைப் பணி, இரவுப் பணி என்று அவளுக்கு முறை மாறி மாறி வரும்.

நான் ஊரிலிருந்து கொண்டுவந்த சொத்து இரண்டு: ஒரு தகரப் பெட்டி, ஒரு வழக்கம். வழக்கம் என்னவென்றால், மாலை மணி ஏழரை ஆனதும் பாய் விரித்து, குடும்பம் முழுதும் உட்கார்ந்து, ஒரு பாட்டுப் பாடி, வேதபாடம் வாசித்து, ஜெபம் செய்தல். எங்கள் ஊரில் கோயில் மணி அடித்ததும் தெருவே அடங்கும். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு வருவார் என் தாயார். அந்த மணியோசை இல்லாத ஊரில் நானே மணியாக இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

மாலைப் பணி முடிந்து மனைவி ரயிலேறித் தாம்பரம் வந்து சேர இரவு பத்து மணியாகும். அந்த வாரங்களில் ஏழரை மணி ஜெபத்தை நான் பத்தரை மணிக்கு ஒத்தி வைத்தேனே அல்லாமல் குறைக்கவில்லை. சங்கீதம் முழுவதும் வாசிப்பேன்; நீண்ட சங்கீதமாயினும் விடமாட்டேன். ஓரிரவு நான் கண்ணை மூடிக்கொண்டு உலகத்து நோயாளிகள் அனைவருக்காகவும் உருக்கமாக மன்றாடிவிட்டுக் கண் திறந்தபோது, அவள் சுவரில் சாய்ந்து உறங்கியிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. எழுப்பி, "ஆண்டவருடைய சமுகத்தில் உறங்கலாமா?" என்று கேட்டேன்.

அவள் வாதாடவில்லை. "நீங்கள் யாருக்காக ஜெபம் செய்தீர்களோ, அவர்களுள் ஒருவருக்குப் படுக்கை மாற்றிவிட்டுத்தான் வருகிறேன், அது ஜெபத்தில் சேராதுங்களா?" என்றாள்.

ஆசிரியனுக்கு விடை தெரியாத கேள்வி வந்தால், 'நாளைக்குச் சொல்கிறேன்' என்று தப்பித்துக்கொள்வதுண்டு. நானும் அப்படியே விளக்கை அணைத்தேன்.

சில நாள் கழித்து எங்கள் சபையின் ஆயர் வீட்டுச் சந்திப்புக்கு வந்தார். என் முறையீட்டைக் கேட்டுவிட்டு அவர் கண்டிக்கவுமில்லை, ஆதரிக்கவுமில்லை. அப்போஸ்தலர் நடபடிகளின் பதினெட்டாம் அதிகாரத்தைத் திறந்து என்னையே வாசிக்கச் சொன்னார். அதில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் தம்பதியரின் வரலாறு வருகிறது. ஆக்கில்லா பொந்து நாட்டில் பிறந்த யூதன். கிலவுதியு பேரரசன் யூதரை ரோமாபுரியை விட்டு வெளியேற்றியதனால் இருவரும் கொரிந்து நகரத்துக்கு வந்து பிழைத்தனர். கூடாரம் செய்வது தொழில். பவுலும் அத்தொழில் அறிந்தவராகையால் அவர்களோடு தங்கி வேலை செய்தார். பின்பு அவர்கள் எபேசு பட்டணம் சென்றனர்; மீண்டும் ரோமாபுரியில் அவர்களைக் காண்கிறோம். போன இடமெல்லாம் அவர்கள் வீட்டில் ஒரு சபை கூடியது. புதிய ஏற்பாட்டில் ஆறிடங்களில் இவ்விருவர் பெயரும் வருகின்றன. ஓரிடத்திலும் ஒருவர் பெயர் தனித்து வருவதில்லை. சிலவிடத்தில் மனைவியின் பெயரே முன்னிற்கிறது. அக்காலக் கூடாரத் தொழில் தோல் தொழிலாகவும் இருந்திருக்கக்கூடும் என்று அறிஞர் சிலர் கருதுவர். அப்படியானால், குரோம்பேட்டையில் குடியேறினால் அவர்களுக்கு வேலை கிடைத்திருக்கும் என்று ஆயர் சொல்லிச் சிரித்தார்.

"ஊர்விட்டு ஊர் வந்த வேலைக்காரத் தம்பதி இவர்கள். இவர்கள் வீட்டில் ஏழரை மணிக்கு மணி அடித்தது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா, சார்?" என்று கேட்டுவிட்டு, காப்பியைக் குடித்துப் போய்விட்டார்.

அதன்பின் எங்கள் ஜெபம் சமையலறைக்கு இடம் மாறியது. காலைப் பணி வாரங்களில் விடியுமுன்பே அவள் ரயிலுக்குப் புறப்பட வேண்டும். அடுப்பில் வெந்நீர் காயும் அந்த ஐந்து நிமிடம் நின்றபடியே ஜெபிப்போம். அன்று பார்க்கப் போகும் நோயாளி ஒருவரையும், என் வகுப்பில் முதல்நாள் அடிவாங்கிய பையன் ஒருவனையும் நினைத்துக்கொள்வோம். ஆம், அந்நாளில் நான் அடிக்கும் ஆசிரியன். தினமும் காலையில் ஒருவன் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டுப் போய் அவனையே மீண்டும் அடிப்பது கடினமாயிற்று. பிரம்பு அலமாரிக்குப் போனதற்குக் கல்வித்துறையின் சுற்றறிக்கை காரணமன்று. அந்த அடுப்படிதான் காரணம்.

இனி, அண்டை வீட்டார் பற்றிய ஒரு சங்கதி.

1938ஆம் ஆண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனெரி மாநாடு ஒன்று கூடியது. எழுபது நாடுகளளவிலிருந்து ஏறத்தாழ 470 பேர் வந்திருந்தனர். திருச்சபை வரலாறு எழுதுவோர் 'தாம்பரம்' என்று சொன்னாலே அம்மாநாட்டைத்தான் குறிப்பர். அதற்கென்றே ஹெண்ட்ரிக் கிரேமர் என்னும் டச்சு அறிஞர் ஒரு பெருநூல் எழுதியிருந்தார். வேதாகமம் காட்டும் வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்பது அவர் கொள்கை. அதே ஆண்டுவரை கல்லூரியின் முதல்வராய் இருந்த ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக், பல்லாண்டு இந்து மாணவரோடு பழகியவர். கிறிஸ்தவரல்லாதார் உள்ளத்திலும் மெய்யான விசுவாசம் இருக்கக் கண்டதாக மறுத்துரைத்தார். அந்த வாதம் இன்றளவும் முடியவில்லை.

எங்கள் வீட்டுக்கு அது ஓர் எவர்சில்வர் தட்டில் வந்தது. நாங்கள் குடியேறிய ஆண்டு விநாயகர் சதுர்த்தியன்று, அடுத்த பகுதியில் குடியிருந்த அம்மாள் வாழையிலையால் மூடிய கொழுக்கட்டைத் தட்டோடு வாசலில் வந்து நின்றார். நான்தான் கதவைத் திறந்தேன். விக்கிரகத்துக்குப் படைத்ததை உண்ணலாகாது என்று வளர்க்கப்பட்டவன் நான். வாங்கினால் என் மனச்சாட்சி. மறுத்தால் அவர் முகம். கொரிந்து சபைக்குப் பவுல் இதே கேள்வியைப் பற்றி மூன்று அதிகாரம் எழுதியிருக்கிறார். எனக்கோ மூன்று விநாடிதான் இருந்தது. கைகள் நீளவுமில்லை, மடங்கவுமில்லை.

உள்ளேயிருந்து வந்த என் மனைவி இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு ஏன்க்கா இவ்வளவு சிரமம்?" என்றாள். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாமிக்கு வைக்கிறதுக்கு முந்தியே உங்களுக்கென்று எடுத்து வைத்துவிட்டேன் அம்மா, நீங்கள் படைத்ததைச் சாப்பிட மாட்டீர்களாமே" என்றார்.

என் மனச்சாட்சிக்காக நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், அவரும் அதற்காகவே கவலைப்பட்டிருக்கிறார். அன்று கொழுக்கட்டை தொண்டையில் எளிதில் இறங்கவில்லை. இனிப்புக் குறைவினால் அன்று. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு என் மனைவி அவர் வீட்டுக்காக முட்டை சேராத பலகாரங்களைப் புது எண்ணெயில் தனியே சுட்டாள். கிரேமரும் ஹாக்கும் இவற்றை எந்தப் பக்கத்தில் சேர்த்திருப்பார்களோ, அறியேன்.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தராத செய்தி.

எங்கள் கலியாணத்தில் நான் வரதட்சணை வாங்கவில்லை. அதைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு, வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். 1988இல் என் தங்கைக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு தொகை கேட்டனர். எங்கள் தகப்பனாரிடம் பாதி இருந்தது. மீதியை நான் ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிக் கொடுத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. வருத்தப்படுவாள் என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். வாங்காதவன் கொடுத்தான் என்பதை அவள் அறிந்தால் என் கர்வம் என்னாவது என்பதே உண்மைக் காரணம்.

சட்டத்தைப் பற்றி ஈண்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்; மாணவர் தெரிந்துகொள்ள வேண்டும். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவது மட்டுமன்று, கொடுப்பதும் குற்றம். 1986இல் செய்த திருத்தத்தின்படி அதற்குத் தண்டனை ஐந்தாண்டுக்குக் குறையாத சிறை. ஆகவே 1988இல் நான் குற்றவாளி. "பெண்ணுக்கு நிலத்தில் பங்கு கொடுப்பதில்லை, இதுதான் அவள் பங்கு" என்று எங்கள் பெரியவர்கள் சமாதானம் சொன்னார்கள். அதுவும் பொருந்தாது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாது இறந்த கிறிஸ்தவரின் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கே கொடுக்கிறது. திருவிதாங்கூரில் 1916ஆம் ஆண்டுச் சட்டம் வேறாக இருந்தது: மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று, அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது; சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. மேரி ராய் என்னும் அம்மையார் தொடுத்த வழக்கில், அச்சட்டம் செல்லாது, 1925ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்புச் சொன்னது. நாங்கள் மணந்த ஆண்டே அது. செய்தித்தாளில் படித்து நான் மெச்சிய தீர்ப்பு. என் தங்கைக்கு அதை நான் நினைக்கவில்லை.

திருச்சபையின் பங்கும் இதில் உண்டு. ஒரு திருமணத்துக்கு முன் எங்கள் கோயில்களில் மூன்று ஞாயிறு அறிக்கை வாசிப்பர். எங்கள் பக்கத்துப் பழைய பேச்சில் 'ஓலை வாசித்தல்' என்போம். தடை ஏதேனும் உண்டா என்று சபையைக் கேட்பர். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமோ, பொதுவாகக் காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையில்தான் மணம் நிகழ வேண்டும் என்று நேரத்தைக்கூட வரையறுத்திருக்கிறது. ஆதியில் மணமகனுக்குப் பதினாறு, மணமகளுக்குப் பதின்மூன்று நிறைந்தால் போதும் என்றிருந்த வயது இன்று இருபத்தொன்று, பதினெட்டு. வயதைக் கேட்கிறோம், உறவுமுறையைக் கேட்கிறோம், மணியைப் பார்க்கிறோம். தொகை பேசப்பட்டதா என்று மூன்று ஞாயிற்றில் ஒரு ஞாயிறும் கேட்பதில்லை. என் தங்கையின் ஓலை வாசிக்கப்பட்ட மூன்று வாரமும், ஒருவரும் கேட்கவில்லையே என்று நான் நிம்மதியோடிருந்தேன்.

கடன் தவணை என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. குறைந்த தொகைக்கு ஏதேதோ காரணம் சொன்னேன். ஏழு மாதம் கழிந்தது. ஒருநாள் சட்டையைத் துவைக்க எடுத்தவள் பையில் சம்பளச் சீட்டைக் கண்டாள். அன்று மாலை நான் வந்ததும் சீட்டை மேசைமேல் வைத்தாள். தொகை எவ்வளவு என்று கேட்கவில்லை. யாருக்கு என்றும் கேட்கவில்லை, ஊகித்திருந்தாள்.

"இந்த ஏழு மாதமும் தினம் காலையில் என் பக்கத்தில் நின்று ஆண்டவரிடம் பேசினீர்களே, இதை அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் எனக்குக் கேட்டிருக்குமே" என்றாள்.

அதற்குப் பின் பதினொரு நாள் எங்கள் வீட்டில் ஜெபம் இல்லை. மறுநாள் காலை நான் வழக்கம்போல் அடுப்பருகே போய் நின்றேன். அவள் வெந்நீரை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையைப் பீடத்தண்டையில் விட்டுவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்னும் கருத்தில் இயேசுநாதர் மலைப்பிரசங்கத்தில் போதித்திருக்கிறார். மனைவியைக் கனம்பண்ணாத கணவனுடைய ஜெபம் தடைபடும் என்று பேதுருவின் நிருபமும் எச்சரிக்கிறது. இரண்டையும் ஞாயிறு பள்ளியில் நான் பாடமாக நடத்தியவன். தடைபட்ட ஜெபம் எப்படியிருக்கும் என்பதை அந்தப் பதினொரு நாளில்தான் அறிந்தேன். அது அடுப்பில் தனியே கொதிக்கும் தண்ணீரைப்போல் இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் ஆயரிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லி, எங்களுக்காக வீட்டுக்கு வந்து ஜெபிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். "கடையில் ஒரு கணக்கு நோட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கடனில் தொடங்கி எல்லாவற்றையும் உங்கள் கையால் எழுதி அவர்களிடம் கொடுங்கள். ஜெபத்தைப் பிறகு பார்க்கலாம்" என்றார். எனக்கு மனத்தாங்கல்தான். ஆறுதல் தேடிப் போனவனிடம் நோட்டு வாங்கச் சொல்கிறாரே என்று எண்ணினேன்.

ஆயினும் வாங்கினேன். நாற்பது பக்க நோட்டு. முதற்பக்கத்தில் கடன் தொகை, வட்டி, தவணை, இன்னும் எத்தனை மாதம் என்பதெல்லாம் எழுதினேன். எழுத எழுத வேறு சிலவும் வந்தன: ஊருக்கு அனுப்பிய மணியார்டர்கள், நண்பனுக்குக் கொடுத்துத் திரும்பாத இருநூறு, சைக்கிள் பழுதென்று சொல்லி வாங்கிய புத்தகம். இரவுப் பணிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவளிடம் கொடுத்தேன். அவள் நின்றபடி படித்தாள். படித்து முடித்ததும் பேனாவைக் கேட்டாள். கடைசி வரிக்குக் கீழே, தன் தம்பியின் பரீட்சைக் கட்டணத்துக்காக எனக்குத் தெரியாமல் அனுப்பிய நூற்றைம்பது ரூபாயை எழுதினாள். பிறகு ரயிலுக்கு நேரமாயிற்று என்று ஓடினாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. கடன் தீர மேலும் இரண்டாண்டாயிற்று. அந்த இரண்டாண்டில் அவள் என்னிடம் ஒரு பொருளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். என் தங்கையிடம் சென்ற ஆண்டுதான் இதைப் பற்றிப் பேசினேன். "அண்ணன் எனக்காகக் கொடுத்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கொடுக்காமல் எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே, அண்ணா" என்றாள். அவள் வாழ்வு கெட்டுப் போகவில்லை, நல்லபடியாகவே இருக்கிறாள். ஆனாலும் விலை பேசப்பட்டது அவளுக்குத் தெரிந்திருந்தது.

மீட்டர் பாதை ரயில் 2004இல் நின்றுவிட்டது. எங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் நான்கடுக்கு மாடி எழுந்திருக்கிறது. ஏற்றுமதி வளாகத்திலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் வேலை செய்யும் இளந்தம்பதியர் அதில் குடியிருக்கின்றனர். கணவனுக்கு அமெரிக்க நேரம், மனைவிக்கு இந்திய நேரம். அவர்களுள் ஒரு பெண், இருவரும் சேர்ந்து ஜெபிக்க நேரமே இல்லை, வாகனத்தில் போகும்போது கைபேசியில் ஒருவருக்கொருவர் ஒரு வசனம் அனுப்பிக்கொள்கிறோம், அது போதுமா ஐயா என்று கோயில் வாசலில் என்னைக் கேட்டாள். வீட்டுக் கடன் தவணை யார் கணக்கில் பிடிக்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியுமா என்று நான் கேட்டேன். அவள் வியப்போடு பார்த்துவிட்டு, தெரியும் என்றாள். அப்படியானால் வசனம் அனுப்பினால் போதும் என்றேன்.

அந்த நாற்பது பக்க நோட்டுக்குப் பின் ஆண்டுக்கு ஒன்றாக நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன. வேதாகமம் இருக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கி வைத்திருக்கிறோம். இன்று காலையும் என் மனைவி எழுதினாள். பால், கீரை, மின்கட்டணம் ஆகியவற்றுக்கு எதிரே தொகை போட்டிருக்கிறாள். கடைசியில் 'வானொலி நிலையம் போக வர' என்று எழுதி, தொகைக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள். போய்ச் சொல்ல வேண்டும்.